ஐந்தாவது கோல்

நீங்கள் 'அவர்' என்று சொல்லுங்கோ ரீச்சர். உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிற வெள்ளைக்காரர், நீங்கள் அப்படித்தான் சொல்லவேண்டும். நான் அவன் என்றுதான் சொல்வேன். இருபத்துச் சொச்சம் வருஷமாக அப்படியே சொல்லி நாக்குப் பழகிவிட்டது. அந்தக் கதிரையில் இருக்காதேங்கோ, ஒரு கால் ஆடும். இதில் இருங்கோ. பெடியள் விளையாடுகிற சத்தம் கூடவென்றால் சொல்லுங்கோ, கதவைச் சாத்திவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வந்திருக்கிறீர்கள். நீங்களாக வரவில்லை, அவன் கேட்டு வந்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினவன் நல்லூர் பார்க்கவில்லை, கோட்டை பார்க்கவில்லை. நிமல் என்று ஒருவர், டென்மார்க்கில் இருந்து திரும்பி வந்து இங்கே புட்சல் என்கிற சின்ன உதைபந்தாட்ட மைதானம் நடத்துகிறாராம், தெரியுமா என்று உங்களிடம் கேட்டிருக்கிறான். இன்ரர்நெற்றில் தேடியிருப்பான். நானும் அவனைத் தேடுகிறவன்தான், அது வேறு கதை.

நான் வரமாட்டேன். உங்கள் சமையலில் குறை இல்லை. வரமாட்டேன், அவ்வளவுதான். ஏன் என்று நீங்கள் வாயால் கேட்கவில்லை, ஆனால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

இந்தச் சுவரில் இருக்கிற படத்தைப் பாருங்கோ. அது நான்தான், அப்போது தலைமயிர் இருந்தது. நோர்வேயில் ஒரு பேப்பர்காரன் எடுத்த படம். பெனால்டி பிடிக்கிறேன். இந்த ஊரில் என் பிழைப்பே அந்தப் படம்தான் ரீச்சர். வெளியில் பெயர்ப்பலகையிலும் அதுதான். தாய் தகப்பன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் முதலில் அதைக் காட்டித்தான் சொல்வார்கள், இவர்தான் வெள்ளைக்காரன் அடித்த பெனால்டியைப் பிடித்தவர் என்று. படத்தின் இடப்பக்கம் நேராக வெட்டியிருக்கிறது, தெரிகிறதோ? அங்கேதான் அவன் நின்றான். சட்டம் போட்டபோது கடைக்காரரிடம் சொல்லி நான்தான் வெட்டச் சொன்னேன்.

பெயர் ட்ரோல்ஸ். எங்கள் சனம் அவனை ரோல்ஸ் என்று கூப்பிட்டது, மட்டன் ரோல்ஸ் என்று. டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்து ஆள். நெட்டையன். குளிர் என்றாலும் வெயில் என்றாலும் காது இரண்டும் சிவந்திருக்கும். கோல் அடிப்பதுதான் தொழில். உலகம் கேள்விப்பட்ட ஆள் என்று நினைத்துவிடாதேங்கோ. சொந்த நாட்டில் பெரிய கழகம் ஒன்றும் எடுக்காமல், நோர்வே, ஹொலன்ட், ஸ்கொட்லாந்து, சைப்ரஸ் என்று இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பெட்டி கட்டுகிற டெனிஸ் ஆட்டக்காரர் என்று ஒரு சாதி இருக்கிறது. அவன் அந்தச் சாதி. நானும் அந்தச் சாதிதான். என்ன, பெட்டி கட்ட நான் பத்து வயதிலேயே பழகினவன்.

அம்மாவும் நானும் டென்மார்க்குக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. கிழமை நாளில் டெனிஸ் பள்ளிக்கூடம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். இரண்டு மொழியும் எனக்கு நல்லாய் வரும். ஆனால் கோபம் தமிழில்தான் வரும். டெனிஸில் கோபப்பட்டால் பஸ் பிந்திவிட்டதென்று முறைப்பாடு சொல்கிற மாதிரி இருக்கும். இவனுக்கு நான் கொடுத்த சாபமெல்லாம் தமிழில்தான். அதனால்தானோ என்னவோ, ஒன்றும் போய்ச் சேரவில்லை.

இரண்டு பேரையும் தெற்கு நோர்வேயில் ஒரு கழகம் ஒரே வருஷம் எடுத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு. நோர்வேக்காரருக்கு எங்களுடைய பேச்சுக் கேட்டால் சிரிப்பு, வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு கதைக்கிறோம் என்பார்கள். எங்களுக்கு வைத்த பெயர் 'டெனிஸ்காரர் இரண்டு பேர்'. ரீச்சர், அங்கேதான் முதன்முதல் என்னை ஒருவர் டெனிஸ்காரன் என்று சொன்னார். டென்மார்க்கில் ஒருவரும் சொன்னதில்லை. ட்ரோல்ஸுக்குப் பக்கத்தில் நின்றதால் அந்தப் பெயர் எனக்கும் கிடைத்தது. அதற்கு நான் அவனுக்கு நன்றி சொல்லவேண்டுமோ? சொல்லமாட்டேன்.

நல்லாய்த்தான் இருந்தோம், அதை மறைக்கவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நிற்போம். அவன் அடிப்பான், நான் பாய்வேன். மழை, பனி ஒன்றும் பார்ப்பதில்லை. அவன் கால் எப்படித் திரும்பினால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு நித்திரையிலும் தெரியும்.

அடுத்த வருஷம், போட்டிகள் தொடங்குவதற்கு முன்னால், வலது தோளில் விழுந்தேன். உள்ளே ஏதோ இளகினது. வெளியில் சொல்லவில்லை. இரண்டாவது கோல் காப்பாளன் ஒரு நோர்வேக்காரப் பெடியன், பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று எட்டிப்பார்க்கிறவன் மாதிரி நின்றான். நான் படுத்தால் இடம் அவனுக்கு. வலியை விழுங்கிக்கொண்டு விளையாடினேன். காலையில் கை எழும்பாது. ட்ரோல்ஸ்தான் ஜேர்சி போட்டுவிடுவான், முதலில் வலது கை, பிறகு தலை, கைக்குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல. போடும்போதெல்லாம் ஒரே பல்லவி, டொக்டரிடம் சொல்லு, டொக்டரிடம் சொல்லு. நான் அவனைச் சத்தியம் பண்ண வைத்தேன். என் உள்ளங்கையில் அவன் கையை அடிக்கச் செய்து, உன் அம்மா மேல் ஆணை, ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டாய் என்று. சிரித்துக்கொண்டு அடித்தான். அவர்களுக்கு அம்மா மேல் ஆணை என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லாதேங்கோ. நான் விளக்கினேன். சத்தியம் தப்பினால் தாய்க்கு என்ன நடக்கும் என்பதுவரை விளக்கினேன். சரி சரி என்றான். அடித்தால் அடித்ததுதானே?

ஒருநாள் பயிற்சிக்குப் போனால், பயிற்றுநர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்திருக்கிறார். என்னை நடுவில் கூப்பிட்டார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கு என்றார். நான் இடது கையைத் தூக்கினேன், ஒரு பகிடிக்கு. ஒருவரும் சிரிக்கவில்லை. வலது கை என்றார். தூக்கினேன். காதுவரைக்கும் போனது, அதற்கு மேலே போகவில்லை. பல்லைக் கடித்து ஒரு சாண் தூக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழு அணியும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ட்ரோல்ஸ் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், நீயா சொன்னது என்று. பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஓம் என்றான்.

"சத்தியம் பண்ணினாய்."

"உனக்கு நோகுது" என்றான்.

அவ்வளவுதான் ரீச்சர். உனக்கு நோகுது. எனக்கு நோகிறது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருந்து ஒருவன் வரவேண்டுமா? அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். கழகமும் என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. என் இடத்துக்கு அந்தப் பந்திக்காரப் பெடியன் போனான்.

டென்மார்க்கில் தோளை வெட்டித் தைத்தார்கள். இன்னும் நாலைந்து ஆட்டம் விளையாடியிருந்தால் இந்தக் கையால் கரண்டிகூடத் தூக்கியிருக்கமாட்டாய் என்றார் டொக்டர். டொக்டர்மார் அப்படித்தான் சொல்வார்கள், வெட்டினதற்கு ஒரு நியாயம் வேண்டுமே. அவன் பார்க்க வந்தான். கப்பல் ஏறி, ஒருநாள் முழுக்கக் கார் ஓட்டி வந்தானாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அவன் இருந்த நேரம் முழுக்கச் சுவரைத்தான் பார்த்தேன். அம்மா என்ன செய்தா தெரியுமோ? அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புட்டும் மீன்குழம்பும் கொடுத்திருக்கிறா. கையால் சாப்பிட்டான், பாவம், மீன் முள்ளெல்லாம் ஒழுங்காய் எடுத்தான் என்று எனக்கு வந்து சொல்கிறா. பெற்ற தாயும் கட்சி மாறினால் மனிதன் யாரிடம் போவது?

பிறகு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா என்றால், தோளைப் பழக்கிக்கொண்டு, அவனை நினைத்துக்கொண்டு. ரப்பர் பட்டியை இழுக்கும்போதெல்லாம் அவன் முகத்தை நினைத்துத்தான் இழுப்பேன். அந்தத் தோள் முன்னையதைவிடப் பலமாக வந்தது. அப்போது வடக்கு நோர்வேயில் இருந்து ஒரு கழகம் கூப்பிட்டது. ஊர் பெயர் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது. இரண்டாம் பிரிவில் கடைசிக்குக் கிட்ட நிற்கிற அணி. என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு டெனிஸ்காரர் போன் பண்ணி, நல்ல காப்பாளர், தோள் சுகமாகிவிட்டது, எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். என் பழைய பள்ளிக்கூட உதைபந்தாட்ட மாஸ்ரராகத்தான் இருக்கும், அவருக்கு என்னில் நல்ல விருப்பம். பிறகொருநாள் நன்றி சொன்னபோது தான் போன் பண்ணவேயில்லை என்றார். வயது போனால் மறதி, என்ன செய்வது.

அந்த ஊரில் கடல், மலை, மீன் தொழிற்சாலை. தொழிற்சாலைக்குள்ளே முழுக்க எங்கள் சனம். யாழ்ப்பாணத்தில் இருந்து போய் அந்தக் குளிரில் நின்று மீன் வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் மைதானக் கரையில் கயிற்றோடு கயிறாக வந்து நிற்பார்கள், பிளாஸ்கில் தேத்தண்ணி, கடதாசிப் பையில் ரோல்ஸ். அவர்களில் குகநேசன் அண்ணை என்று ஒருவர். ஊரில் நல்ல பின்வரிசை ஆட்டக்காரர். அவர் என் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார். நான் பந்தைப் பிடித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும், அவ்வளவு சந்தோஷம்.

ட்ரோல்ஸ் அதே பிரிவில் வேறு கழகத்தில், உச்சியில் நிற்கிற கழகத்தில், கோல் கோலாக அடித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் அவர்களும் நாங்களும், எங்கள் மைதானத்தில். அட்டவணை வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அந்த ஊர்ச் சனம் ஒரு மண்டபத்தில் பிள்ளையார் படம் வைத்துக் கும்பிடுவார்கள். நான் போய், அந்த ஆட்டத்துக்கு முன்னால் அவன் கால் முறியவேண்டும், தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டேன். அம்மாவுக்குப் போனில் சொன்னபோது ஏசினா. கால் முறிய நேர்கிறது பாவமடா, பந்து வெளியிலே போகவேணும் என்று நேர்ந்துகொள் என்றா. சரியென்று நேர்த்தியை மாற்றினேன். சிரிக்காதேங்கோ ரீச்சர். பிள்ளையார் இரண்டையும் கேட்டுக் குழம்பியிருக்கலாம்.

ஒக்டோபர் மாதம். மழையும் பனியும் கலந்து முகத்தில் அடிக்கிறது. இப்போது நான் சொல்வதைக் கவனமாய்க் கேளுங்கோ, இதுதான் முக்கியம். எங்களைப்போலக் கீழே நிற்கிற இன்னொரு அணியின் ஆட்டம் வேறு மைதானத்தில் முந்தியே முடிந்துவிட்டது, முடிவு வானொலியில் வந்துவிட்டது. நாங்கள் நாலு கோலால் தோற்றால் கோல் வித்தியாசத்தில் தப்புவோம். ஐந்தாவது வாங்கினால் கீழ்ப் பிரிவு. கீழ்ப் பிரிவு என்றால் சம்பளமில்லாத விளையாட்டு. நானும் குகநேசன் அண்ணைக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டவேண்டியதுதான். நாங்கள் அந்த நேரத்தில் நாலு வாங்கியிருந்தோம், திருப்பி ஒன்றும் அடிக்கவில்லை. இரண்டு அவன் அடித்தது.

அவனுக்கும் ஒன்று இருந்தது. இன்னும் ஒரு கோல் அடித்தால் இன்னொருவனை முந்தி அந்த வருஷம் அந்தப் பிரிவிலேயே கூடிய கோல் அடித்தவன் அவன். ஹொலன்டில் இருந்து ஒரு பெரிய கழகத்து ஆள் அவனைப் பார்க்க வந்து குடைக்குக் கீழே நிற்கிறார் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிகிற நேரம். எங்களுடைய பின்வரிசைக்காரன் ஒருவன், பந்து முகத்துக்கு வர, கையால் மறைத்துவிட்டான். மத்தியஸ்தர் விசில் ஊதினார். பெனால்டி.

ட்ரோல்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். கரையில் எல்லோரும் கயிற்றுக்குக் கிட்ட நெருங்கினார்கள். பிள்ளையொன்று ரோல்ஸ், வெளியில அடி ரோல்ஸ் என்று தமிழில் கத்தினது. அவன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதுவரை முழு ஆட்டத்திலும் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோள் எப்பிடி?" என்று டெனிஸில் கேட்டான்.

"அடி" என்றேன்.

அடித்தான். பந்து என் வலப்பக்கம் வந்தது, இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே. பாய்ந்தேன். வெட்டித் தைத்த அதே தோள். பிடித்தேன் ரீச்சர். தட்டவில்லை, பிடித்தேன். ஒரு பெனால்டியைத் தட்டிவிடுகிறவர்கள் ஆயிரம் பேர். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிப்பது எவ்வளவு அரிது என்று தெரியுமோ? என்னைத் தவிர ஒருவரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

எழும்பி, பந்தோடு அவனிடம் ஓடினேன். பந்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று உங்களுக்கு முன்னால் சொல்ல ஏலாது, தமிழில்தான் கத்தினேன். அவன் அசையவில்லை. காது இரண்டும் சிவந்திருந்தது. ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. சின்னதாய் ஒன்று, இரண்டு மூன்று சொல்தான். எனக்குக் கேட்கவில்லை, எங்கள் சனம் கயிற்றைத் தாண்டி ஓடிவந்துவிட்டது, என்னைத் தூக்கிவிட்டார்கள். நாலு கோல் வாங்கின காப்பாளனைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஊர் உலகத்தில் அது ஒன்றுதான். லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆட்கள் போன் பண்ணினார்கள், நான் யாரென்றே தெரியாதவர்கள். அவன் கை கொடுக்க வந்து நின்றானாம். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் மண்டபத்தில் சாப்பாடு. எல்லோரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். குகநேசன் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். அவருக்கு இருமலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

"கோவிக்காதை தம்பி," என்றார். "அது அவன் தந்த பந்து."

மனிதனுக்குப் பொறாமை எந்த வயதிலும் வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீட்டுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. ஊரே போனது.

அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் உங்களுக்குப் பிழையாய்ச் சொல்வதற்கு முதல். கோல் காப்பாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடியும்போது கடைசிப் பந்து பிடித்த பந்தாக இருக்கவேண்டும். கோல் வாங்கிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போகக்கூடாது, போனால் அது மனதில் இருந்து அடுத்த நாளும் அரிக்கும். அதனால் அடிக்கிறவன் கடைசிப் பந்தை மட்டும் காப்பாளரின் கைக்கு அளந்து அடிப்பான். எங்கும் அப்படித்தான். ட்ரோல்ஸும் அப்படித்தான் செய்வான். கடைசிப் பந்து என் வலப்பக்கம், இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே. ஒருநாளும் பிசகியதில்லை. தெற்கில் விளையாடின காலத்தில் ஒருமுறை இதை வாய்விட்டுக் குகநேசன் அண்ணையிடம்… இல்லை, வடக்கில்தான், சித்திரை வருஷப்பிறப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு மனிதன் ஒரு கதை கட்டிவிட்டார்.

பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. எவன் ஒருவன் ஹொலன்ட்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, கூடிய கோல் அடித்தவன் என்ற பெயர் ஒரு பந்துக்குள்ளே இருக்க, அதைத் தூக்கி எதிரியின் கையில் கொடுப்பான்? நீங்களே சொல்லுங்கோ. யாருக்காக? சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவனுக்காகவா? அவன் பயந்தான். என் கண்ணைப் பார்த்தான், கால் நடுங்கினது, நடுங்கின கால் பழகின இடத்துக்கு அடித்தது. இதுதான் நடந்தது. நான் நல்லாய் யோசித்துத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷமாய் யோசித்திருக்கிறேன்.

அந்தப் பந்து அவனை நல்லாய்த் தின்றது, அதில் சந்தேகமில்லை. ஹொலன்ட் பெரிய கழகம் கூடிய கோல் அடித்த மற்றவனைக் கொண்டுபோனது. இவன் போனது அங்கேயே சின்னதொன்றுக்கு, அதிலும் பாதி நாள் களத்தில் இறங்காமல் வாங்கில்தான் இருந்தான். பிறகு ஸ்கொட்லாந்து, அங்கே முழங்கால் போனது. பிறகு சைப்ரஸ், அங்கே திரும்பவும் அதே முழங்கால். கடைசியில் ஊருக்கு வந்து இப்போது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். டெனிஸ் தேசிய அணிக்கு ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றையும் தேடி வாசித்தேன். அவன் கோல் அடிக்காத கிழமையில் எனக்குச் சோறு ருசிக்கும். அவன் தாய்க்குக்கூட அவன் தொழில் வரலாறு இவ்வளவு தெரிந்திருக்காது. தாய் இன்னும் இருக்கிறா, எண்பத்தெட்டு வயது, போன மாதமும் சைக்கிள் ஓடுகிற படம் போட்டிருந்தான். அம்மா மேல் ஆணை என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் வேலை செய்யாதுபோல.

நான் நாலு வருஷத்துக்கு முந்தி இங்கே திரும்பினேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. இந்த நிலத்தை எடுத்து, வலை கட்டி, புல்விரிப்புப் போட்டு, முதல் வேலையாய்ப் படத்தைச் சுவரில் அடித்தேன்.

இல்லை, இல்லை ரீச்சர், பொறுங்கோ. அவன் காலைச் சாப்பாட்டு நேரம் அந்த ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லாதேங்கோ. கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்லதாய் இருந்தாலும் வேண்டாம். அவன் நான் பிடித்தேன் என்றால், அதைச் சொல்ல அவன் யார்? அவன் தான் தந்தேன் என்றால்… அதற்குப் பிறகு நான் இந்தக் கதவைத் திறந்து இந்தக் கதிரையில் வந்து இருக்கிறதோ? அந்தப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிப் பாயச் சொல்கிறது? அதனால்தான் வரமாட்டேன் என்கிறேன். எதிரே இருந்து சோறு தின்றால் அவன் வாயைத் திறப்பான். அவன் வாய் எனக்குத் தெரியும், பொய் வராது. அன்றைக்கு வீட்டில் ஓம் என்று சொன்னவன்தானே. வாய் திறக்க விடமாட்டேன், அதுதான் நான் அவனுக்குக் கொடுக்கிற தண்டனை. எதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தானோ, அதைச் சொல்லாமலே விமானம் ஏறட்டும். வயிற்றுக்குள்ளே வைத்துக்கொண்டு போகட்டும்.

என்ன? இன்றைக்கு மைதானத்தை யார் புக் பண்ணினது?

கொப்பியில் பின்னேரம் ஐந்து மணிக்கு 'திலகவதி ரீச்சர்' என்று ஒரு மணித்தியாலம் எழுதியிருக்கிறது. நானும் காலையில் பார்த்து, உங்கள் பேரப்பிள்ளைகளாக்கும் என்று நினைத்தேன். உங்கள் பெயரில் அவன் எடுத்தானோ? நீங்களும் உடந்தையோ? என் தாயைப் போலத்தான் நீங்களும். அவன் முகத்தில் அப்படி என்னதான் இருக்கிறதோ, பெண்பிள்ளைகள் எல்லோரும் சோறு போட்டுக் கட்சி மாறிவிடுகிறீர்கள்.

சப்பாத்தும் கொண்டு வந்திருக்கிறானோ? டென்மார்க்கில் இருந்து? அந்த முழங்காலோடு?

கொஞ்சம் பொறுங்கோ. யோசிக்க விடுங்கோ.

சரி. வரட்டும். ஐந்து மணிக்கு வரட்டும். ஆனால் நான் சொல்வதை அப்படியே போய்ச் சொல்லவேண்டும், வகுப்பில் சொல்கிற மாதிரி, ஒன்றும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. வணக்கம் வேண்டாம், சுகமா வேண்டாம், கை கொடுக்கவும் வரவேண்டாம். நான் கோலில் நிற்பேன். அவன் அடிக்கவேண்டும். நேரம் முடியுமட்டும் அடிக்கவேண்டும், முழங்கால் நோகிறது என்று நிற்பாட்டக்கூடாது, நோகட்டும். எனக்கும் நாற்பத்தொன்பது, நானும் விழுந்தால் எழும்ப நேரம் எடுக்கும், அதைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டாம். பெடியளை வெளியில் அனுப்பிவிடுகிறேன், பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். எத்தனை கோல் வாங்கினாலும் வாங்குவேன். நூறு வாங்குவேன்.

ஆனால் அளந்து அடிக்கக்கூடாது. முதலாவதையும் அளந்து அடிக்கக்கூடாது, நடுவிலும் அடிக்கக்கூடாது, முடியும்போதும் அடிக்கக்கூடாது. ஒரு பந்து, ஒரேயொரு பந்து என் கைக்கு மெதுவாய் வந்தால், அந்த நிமிஷமே கேற்றைத் திறந்து அவனை ரோட்டில் விடுவேன் என்று சொல்லுங்கோ. அவன் என்னைப் பார்த்து, உள்ள பலம் முழுக்கப் போட்டு, என்னை வெல்ல அடிக்கவேண்டும். அவன் எனக்குத் தரவேண்டியது அதுதான்.